யார் இந்த பேட்ரிக் கெடிஸ்? பூங்கா போடுறதுக்கு முன்னாடி தெருக்காரங்களைக் கேட்கச் சொன்னவரின் கதை

நம்ம ஊர்ல ஒரு பூங்கா பிறந்து, வாடிப்போகும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிதி வரும். நடைபாதை, ஊஞ்சல், சிமென்ட் பெஞ்ச், பச்சைப் புல்தரை எல்லாம் வரும். ரிப்பன் வெட்டி போட்டோ எடுப்பார்கள். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் புல் காய்ந்திருக்கும், ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்கும், கேட்டில் பூட்டு இருக்கும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் இதோடு இன்னொரு சிக்கலும் சேரும். அதுதான் தண்ணீர். ஒரு தெரு போர் தண்ணீர் பரவாயில்லை என்றால், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாத உப்பு. எந்த போர் எப்படி என்பது அந்தத் தெருவில் குடம் தூக்கும் அம்மாவுக்கு அத்துப்படி. ஆனால், பூங்காவுக்கு பிளான் போடும் அலுவலகத்துக்கு? அந்த அம்மாவை யாராவது கேட்டார்களா?

இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டவர் ஒருவர் இருந்தார். பெயர் பேட்ரிக் கெடிஸ், ஊர் ஸ்காட்லாந்து. உலகம் அவரை நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடுகிறது. அவருடைய வாழ்க்கையின் முக்கியமான சில அத்தியாயங்கள் நடந்தது சென்னையிலும் தஞ்சாவூரிலும். யார் இவர்? இன்றைக்கு ஆம்பூரில் இருக்கும் ஒருவருக்கு இவரால் என்ன பிரயோஜனம்?

தோட்டத்தில் வளர்ந்த பையன்

கெடிஸ் பிறந்தது 1854 அக்டோபர் 2-ம் தேதி, ஸ்காட்லாந்தின் பல்லாட்டர் என்ற சிற்றூரில். அப்பா ராணுவத்தில் இருந்தவர். குடும்பம் பெர்த் நகருக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மேல் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம், கீழே ஊர், தூரத்தில் ஆறு. அப்பாவோடு தோட்ட வேலை செய்வதும், குன்றுகளில் நடப்பதும்தான் பையனின் முதல் பள்ளிக்கூடம். மேலிருந்து ஊரை முழுசாகப் பார்க்கும் பழக்கம் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரே வாரத்தில் விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார். அங்கே டார்வினின் பெரிய ஆதரவாளரான தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். ஆச்சரியம் என்னவென்றால், கடைசிவரை அவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் பின்னாளில் பேராசிரியர் ஆனார்.

1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போனபோது பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க வேண்டிய நிலை. நுண்ணோக்கியே கதி என்றிருந்த 25 வயது இளைஞனுக்கு அது பேரிடி. பார்வை திரும்பியது. ஆனால், நுண்ணோக்கியோடு மணிக்கணக்கில் உட்காரும் வேலை இனி முடியாது என்றானது. கண்ணாடிச் சில்லுக்குக் கீழே உயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல ஊர்கள் பக்கம் திரும்பினார். ஒரு செடி அதன் மண்ணோடும் தண்ணீரோடும் எப்படிப் பிணைந்திருக்கிறதோ, அப்படித்தான் ஒரு ஊரும் என்பது அவர் பார்வை.

சேரிக்கே குடிபோன தம்பதி

1886-ல் ஆனா மார்ட்டன் என்பவரைத் திருமணம் செய்தார். அடுத்த வருஷம் இருவரும் செய்த காரியம் உறவுக்காரர்களை அதிரவைத்தது. எடின்பரோவின் பழைய நகரத்தில், வசதியானவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்பில் வீடு எடுத்துக் குடியேறினார்கள்.

அங்கே கூட்டம் போட்டுப் பேசவில்லை. முதலில் தங்கள் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். முற்றத்துக் குப்பையை அள்ளினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக பக்கத்து வீட்டுக்காரர்களும் கை கொடுத்தார்கள். ஒரு தெருவை மாற்ற நினைப்பவர் முதலில் அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டும் என்பதை கெடிஸ் இங்கேதான் கற்றார்.

1888-ல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. பெரும்பாலும் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் எடுத்தால் போதும். மீதி மாதங்கள் ஊர் வேலைக்கு. 1892-ல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோபுரக் கட்டடத்தை எடுத்து, அவுட்லுக் டவர் என்ற பெயரில் ஊரைப் பற்றிய அருங்காட்சியகமாக மாற்றினார். உச்சியில் ஒரு கேமரா அப்ஸ்கியூரா. அதில் ஊர் அப்படியே நேரலை மாதிரி மேசை மேல் விரியும். தங்கள் ஊரை முழுசாக ஒருமுறை பார்த்துவிட்டால் மக்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கோபுரம் இன்றும் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் இடம்.

கைப்பூங்காக்கள்: காலி இடத்தைக் கணக்கெடு

அடுத்து வந்ததுதான் நம் கதைக்கு நேரடியாக வேண்டியது. 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் அவுட்லுக் டவரைச் சேர்ந்த குழு ஒன்று, பழைய எடின்பரோவின் சந்து பொந்தெல்லாம் நடந்து, சும்மா கிடக்கும் இடங்களைக் கணக்கெடுத்தது. இடிந்த வீட்டு மனை, குப்பை மேடு, சுவர்களுக்கு நடுவில் மறந்துபோன மூலை என்று எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் சிக்கின. எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஏக்கர்.

இடமே இல்லை என்று எல்லோரும் நினைத்த நெரிசலான பகுதியில் 10 ஏக்கர்! ஆனால், அது ஒரே இடத்தில் இல்லை, துண்டு துண்டாகக் கிடந்தது. அதனால் ஒரு பெரிய பூங்கா என்ற யோசனையையே விட்டுவிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோட்டமாக்கினார்கள். வடிவமைப்பைக் கவனித்தவர் கெடிஸின் மகள் நோரா. மண்ணைக் கிளறியதிலும் செடி நட்டதிலும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படி உருவான வெஸ்ட் போர்ட் தோட்டம் இன்றும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் அவருக்கு உண்டு. டன்ஃபெர்ம்லின் என்ற ஊருக்குக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னெகி ஒரு பெரிய பூங்கா நிலத்தை வழங்கினார். அதை எப்படி அமைக்கலாம் என்று கேட்டபோது, கெடிஸ் 1904-ல் படங்களோடு ஒரு தடிமனான அறிக்கையே கொடுத்தார். அழகான அறிக்கை. ஆனால், நிர்வாகம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பணமும் நிலமும் நிபுணரும் இருந்தும் அங்கே திட்டம் புத்தகமாகவே நின்றுவிட்டது. எடின்பரோ சந்துகளிலோ பணம் குறைவு, ஆட்கள் இருந்தார்கள், தோட்டம் வந்தது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

1914. சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். ஊர்களை எப்படித் திட்டமிடுவது என்பதை விளக்கும் அவருடைய கண்காட்சி ஐரோப்பாவில் பிரபலம். வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள் என்று பல வருஷ உழைப்பு அது. எல்லாவற்றையும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, மகன் அலஸ்டேரோடு தனியாகக் கிளம்பினார்.

அதே வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி சென்னையைக் குண்டு வீசி அலறவைத்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை நமக்குத் தெரியும். முரட்டு ஆளை எம்டன் என்று சொல்வதும் அதிலிருந்து வந்ததுதான். அந்த எம்டன் மூழ்கடித்த கப்பல்களில் கிளான் கிராண்டும் ஒன்று. கண்காட்சி முழுவதும் கடலுக்குள் போனது.

கெடிஸுக்கு அப்போது வயது 60. திரும்பிப் போகவில்லை. நண்பர்கள் ஐரோப்பாவிலிருந்து புதிதாகப் படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் கண்காட்சி திறக்கப்பட்டது. இதற்கு நடுவில் அவர் சும்மா இருக்கவும் இல்லை. மதுரை, தஞ்சாவூர், பெல்லாரி என்று சென்னை மாகாண ஊர்களுக்குப் போய், தெருத்தெருவாக நடந்து அறிக்கை எழுதினார்.

தஞ்சாவூரில் என்ன நடந்தது?

அந்தக் காலத்து நகராட்சிப் பொறியாளர்களிடம் நெரிசலுக்கு ஒரே மருந்துதான் இருந்தது: ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குறுக்கே வரும் வீடுகளை இடித்து, நேரான அகலச் சாலை போடுவது. தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு திட்டம் இருந்தது.

கெடிஸ் அந்த பிளானோடு சந்துகளுக்குள் நடந்தார். வீடு வீடாகப் பார்த்தார். எது நல்ல வீடு, எது ஏற்கெனவே இடிந்தது, எங்கே கிணறு, எங்கே கோயில், எங்கே மரம் என்று குறித்தார். முடிவில் அவர் சொன்னது இதுதான்: இத்தனை வீடுகளை இடிக்கத் தேவையே இல்லை. பாழடைந்த சிலவற்றை மட்டும் எடுத்தால் போதும். அந்த இடத்தில் ஒரு சின்ன திறந்தவெளி, ஒரு மரம், உட்கார ஒரு திண்ணை. சந்துகளை அங்கங்கே லேசாக அகலப்படுத்தினால் காற்று வரும். செலவும் பல மடங்கு குறையும்.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் காக்கும் அறுவை சிகிச்சை என்று சொல்லலாம். கெட்டுப்போன பகுதியை மட்டும் எடு, நல்ல சதையில் கத்தி வைக்காதே. அதற்கு முன் நோயாளியை முழுசாகப் பரிசோதனை செய். வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்பது போல, ஊரை நடந்து பார்க்காமல் யாரும் பிளான் போடக் கூடாது.

குளங்கள் விஷயத்திலும் அவர் இப்படித்தான். மலேரியா கொசு என்று காரணம் காட்டி ஊர்க் குளங்களை மண் கொட்டி மூட அதிகாரிகள் அவசரப்பட்டார்கள். மூடாதீர்கள், மீனும் வாத்தும் விடுங்கள், அவை கொசுப்புழுவைத் தின்னும், குளம் ஊருக்குக் குளிர்ச்சி தரும் என்று கெடிஸ் மல்லுக்கு நின்றார்.

ஒரு நாள் மகாராஜா

1917 கெடிஸின் வாழ்க்கையில் மிகக் கொடிய வருஷம். ஏப்ரலில் பிரான்ஸ் போர்முனையில் மகன் அலஸ்டேர் கொல்லப்பட்டார். அப்போது இந்தியாவில் மனைவி ஆனா கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். செய்தியைச் சொல்லும் துணிச்சல் கெடிஸுக்கு வரவில்லை. மகன் இறந்தது தெரியாமலேயே ஜூனில் ஆனாவும் போய்ச் சேர்ந்தார்.

சில மாதங்களில் இந்தூர் சமஸ்தானத்தில் வேலை. ஊரில் பிளேக் பயம். நோட்டும் வரைபடமுமாக ஒரு வெள்ளைக்காரர் தெருவில் நடந்தால் என்ன நினைப்பார்கள்? வீடு இடிக்க வந்துவிட்டார், நோயைக் கொண்டுவந்துவிட்டார் என்று மக்கள் ஒதுங்கிப் போனார்கள்.

கெடிஸ் மன்னரிடம் போய் விசித்திரமான ஒரு கோரிக்கை வைத்தார்: தீபாவளிக்கு ஒரு நாள் மட்டும் என்னை மகாராஜா ஆக்குங்கள். மன்னர் சம்மதித்தார். உடனே ஊரெங்கும் அறிவிப்பு: இந்த முறை ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது. எந்தத் தெருக்காரர்கள் தங்கள் தெருவை நன்றாகச் சுத்தம் செய்து, வீட்டைச் செப்பனிட்டு, மரம் நடுகிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் போகும்.

அவ்வளவுதான். தெருவுக்குத் தெரு போட்டி. வண்டி வண்டியாகக் குப்பை ஊரைவிட்டு வெளியேறியது. ஊர்வலத்தில் யானை, குதிரை, லட்சுமி எல்லாம் உண்டு. அழுக்கை அரக்கனாகவும் பிளேக்கை எலியாகவும் செய்து கடைசியில் எரித்தார்கள். முக்கியமாக, ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில், பூவோடு, மரியாதையாக ஊர்வலத்தில் நடந்தார்கள். வீட்டில் வைத்து வளர்க்கத் துளசிச் செடிகள் கொடுக்கப்பட்டன. அதுவரை ஒதுங்கிப் போனவர்கள் அதற்குப் பிறகு கெடிஸைக் கண்டால் நின்று பேச ஆரம்பித்தார்கள்.

கடைசி ஆண்டுகள்

1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மற்றும் குடிமையியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூரோடு கடிதத் தொடர்பு இருந்தது. 1921-ல் கொழும்புக்கு ஒரு திட்டம் தயாரித்தார். 1925-ல் டெல் அவிவ் நகருக்கு அவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில், வீட்டுத் தொகுதிகளின் நடுவில் அக்கம்பக்கத்தவருக்கான சின்னத் தோட்டங்கள் இருந்தன. 1932-ல் சர் பட்டம் ஏற்றுக்கொண்டார். சில வாரங்களில், ஏப்ரல் 17-ம் தேதி, பிரான்ஸின் மான்பெலியே நகரில் காலமானார். வயது 77.

குறையே இல்லாதவரா?

இல்லை. அவரை அழைத்தது ஆங்கிலேய அரசும் மன்னர்களும்தான். ஓட்டுப் போட்ட மக்கள் அல்ல. தமிழ் தெரியாது. பல ஊர்களில் அவர் தங்கியதே கொஞ்ச நாள். தெருக்காரர்களைப் பார்த்தார், கவனித்தார், அவர்கள் பக்கம் நின்று எழுதினார். ஆனால், முடிவு எடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. அதனாலேயே இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. அவர் கிளம்பிய பிறகு அவற்றைத் தூக்கிப் பிடிக்க உள்ளூரில் ஒரு குழு இல்லை.

கெடிஸிடம் இல்லாதது நம்மிடம் இருக்கு

இங்கேதான் வேலூரும் ஆம்பூரும் வருகின்றன.

முதலில் இந்தப் பகுதியின் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவார்கள். தோல் ஷாப்பில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் கலக்கும். பல பத்தாண்டுகளாக இது நிலத்தடி நீரையும் பாலாற்றையும் பாதித்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது யார்? வேலூர் குடிமக்கள் நல மன்றம். ஊர்க்காரர்களின் அமைப்பு. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி வந்த அந்தத் தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்தது. அதாவது, ஊரைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நாடே படிக்கும் உதாரணம் இந்த மண்ணிலிருந்து போனதுதான்.

பூங்கா அந்த அளவு பெரிய விஷயம் இல்லை என்று தோன்றலாம். ஆனால், இங்கே கேட்காமல் போட்ட பூங்கா சீக்கிரம் சாகும். உப்புத் தண்ணீரை நம்பி புல்தரை போட்டால் ஒரு கோடை தாங்காது. அதே இடத்தில் உப்பைத் தாங்கும் புங்கன், பூவரசு நின்றுவிடும். ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஏராளமாக இருக்கும் ஊரில், அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குப் பூங்காவைப் பூட்டினால், அது யாருக்கான பூங்கா? எந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும், எங்கே விளக்கு இல்லாவிட்டால் குடிக்கும் கூட்டம் சேரும், பிள்ளைகள் ஏற்கெனவே எந்தக் காலி மனையில் விளையாடுகிறார்கள்? இதெல்லாம் எந்த பிளானிலும் இருக்காது. கெடிஸ் மாதிரி நடந்து பார்த்தால்தான் தெரியும். இல்லையென்றால், அங்கேயே நடந்துகொண்டிருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

கேட்க வழி இருக்கிறதா? இருக்கிறது.

பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகள் என்று அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையே சொல்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் அதைச் சேர்த்தது.

தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போடுபவர்கள், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் நகரில் பூங்கா இடம் என்று ஒரு வேலி போட்ட மனை இருந்தால், அது பெரும்பாலும் இதுதான். எடின்பரோக்காரர்கள் செய்தது போல, அப்படிப்பட்ட இடங்கள் எங்கெங்கே சும்மா கிடக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பட்டியல் போட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அடுத்து, பகுதி சபை. கிராமத்துக்கு கிராம சபை போல, நகரங்களில் வார்டுக்குள் இருக்கும் பகுதிகளுக்கு இந்தச் சபை. 2022 நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழகத்தில் இந்தக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். பூங்காவுக்கு எந்த மரம், எத்தனை மணி வரை கேட் திறப்பு, தண்ணீர் எங்கிருந்து, பராமரிப்பை யார் கண்காணிப்பது என்று கேட்க வேண்டிய இடம் இது. வாயால் சொன்னால் மட்டும் போதாது; மனுவாகக் கொடுத்து, தீர்மானத்தில் பதிவாகிறதா என்று பார்ப்பது நல்லது.

கேட்க வேண்டிய நேரம் மிக முக்கியம். கட்டி முடித்த பிறகு புகார் சொல்வது ஒரு விதம். பிளான் போடும்போதே உட்காருவது இன்னொரு விதம். முதல் நாளிலிருந்து கூட இருந்தவர்கள் இரண்டாவது வருஷம் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் சும்மா தாண்டிப் போக மாட்டார்கள். ஜேம்ஸ் கோர்ட் ஜன்னலில் வைத்த பூச்செடியும், இந்தூர் துளசியும் காட்டியது இதைத்தான்.

ஒரு ஊருக்குப் போய், கவனித்து, அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் அதிகாரம் மட்டுமே கெடிஸுக்கு இருந்தது. அங்கேயே தங்கிக் கேள்வி கேட்கும் உரிமை அங்கே வாழ்பவர்களுக்கு இருக்கிறது. அடுத்த பகுதி சபை எப்போது என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள். போகும்போது, எந்த போர் தண்ணீர் உப்பு என்று தெரிந்த அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.